ஒரு நாளைக்கு எத்தனை புதுசு? மனப்பாடத்தின் தண்டல் கணக்கு

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கூடுகிற எந்த இடத்துக்குப் போனாலும், அது புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமாக இருந்தாலும் சரி, காளவாசல் பக்கம் ஏதோ ஒரு கடைக்கு மேலே மாடியில் நடக்கிற ஸ்டடி ஹாலாக இருந்தாலும் சரி, பேச்சு கடைசியில் "நீ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிற?" என்பதில்தான் வந்து நிற்கும். ஒருத்தர் பத்து என்பார். பக்கத்தில் இருப்பவர் பதினாலு என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள், பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் படிக்கிறவர், அன்றைக்குத் தூக்கத்தைத் தொலைப்பார். இந்தக் கேள்வியே கோணல் என்பது என் கட்சி. கேட்க வேண்டியது வேறு. இன்றைக்குப் புதிதாக எத்தனை விஷயத்தை எடுத்தாய், அந்த அத்தனையையும் நாளைக்கும் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் திரும்பப் பார்க்க உன்னிடம் நேரம் இருக்கிறதா?

மூளைக்குள் ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறும் என்று ஒற்றை எண் எதுவும் கிடையாது. ஆனால் வழியில் வேறு வேறு இடங்களில் முட்டுக்கட்டைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு மாதிரி வேலை செய்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை மாற்றலாம், எதோடு சமாதானமாகப் போக வேண்டும் என்று தெரியும்.

முதலாவது, அந்தந்த நொடியில் மனசில் பிடித்து வைத்திருக்கும் இடம். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-இல் இதை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் என்பவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உண்மையில் நான்கு பக்கம்தான் வரும் என்று குறைத்தார். நான்கு என்றால் நான்கு எழுத்தோ நான்கு சொல்லோ கிடையாது, நான்கு கட்டு. ஒரு குறளை நன்றாகத் தெரிந்தவருக்கு அதன் ஏழு சீரும் சேர்ந்து ஒரே கட்டு, தமிழே தெரியாதவருக்கு ஒவ்வொரு அசையும் தனித்தனிச் சுமை. பாடத்தைப் பற்றி முன்னமே கொஞ்சம் தெரிந்தவர் ஏன் வேகமாகப் போகிறார் என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அவருக்கு மூளை பெரியது என்று அர்த்தம் இல்லை. புதுப் பாடத்தின் முதல் வாரம் நத்தை வேகத்தில் போவதும் இதனால்தான். அது இயல்பு, அந்த வாரத்தில் போய் மணிக்கணக்கைக் கூட்டுவதில் பிரயோசனம் இல்லை.

இரண்டாவது முட்டுக்கட்டை தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது. புதிதாகப் படித்தது நிலைப்பதற்கு மூளையில் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதி வேண்டும் என்பது ஒரு துயரமான வழியில்தான் தெளிவாகத் தெரிந்தது. 1953-இல் ஹென்றி மோலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். சிறுவயதில் நடந்தவை அவருக்கு ஞாபகம் இருந்தன, ஆனால் சற்று முன் பேசிவிட்டுப் போன ஆள் திரும்பி வந்தால் புது ஆள்தான். 2008-இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். பகலில் இந்தப் பகுதியின் துணையோடு பதிவது, தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கப்படுகிறது. 1994-இல் வில்சன், மெக்நாட்டன் என்ற இருவர் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். விழித்து நடமாடியபோது ஒன்றாகச் சேர்ந்து இயங்கிய நரம்புச் செல்கள், அதற்கடுத்து வந்த தூக்கத்திலும் சேர்ந்து இயங்கின. அதற்கும் வெகு முன்னால் 1924-இல் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டே இரண்டு மாணவர்களை வைத்து அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், படித்துவிட்டுத் தூங்கியபோது மறந்தது குறைவு, விழித்திருந்தபோது மறந்தது அதிகம்.

2007-இல் வந்த இன்னொரு ஆய்வு தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னும் நேரடியானது. ஒரு ராத்திரி முழுக்க விழித்தவர்கள் மறுநாள் புதிய படங்களை நினைவில் வைப்பதில் பின்தங்கினார்கள், ஹிப்போகேம்பஸின் இயக்கமும் மந்தமாக இருந்தது. அதாவது விடிய விடியப் படித்தால் நேற்றுப் படித்ததற்கு மட்டும் நஷ்டம் இல்லை, நாளைக்குப் படிக்கப் போவதற்கும் சேர்த்து நஷ்டம். மாட்டுத்தாவணியில் ராத்திரி இரண்டு மணிக்கும் டீ கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

மூன்றாவதைப் பற்றி நம்மூரில் யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஆளை அதிகம் கவிழ்ப்பது அதுதான்: ஒன்றோடு ஒன்று குழம்புவது. பதினெண்கீழ்க்கணக்கில் நான்கு 'நாற்பது' இருக்கின்றன. இன்னா நாற்பது கபிலர், இனியவை நாற்பது பூதஞ்சேந்தனார், கார் நாற்பது மதுரைக் கண்ணங்கூத்தனார், களவழி நாற்பது பொய்கையார். இந்த நான்கையும் ஒரே உட்காரலில் மனப்பாடம் செய்துவிட்டு எழுந்தவர், ஒரு வாரம் கழித்துத் தேர்வுத் தாளில் நான்கு பெயரும் நான்கு விடைகளாக அடுக்கியிருப்பதைப் பார்த்து விழிப்பார். எல்லாமே தெரிந்த பெயர், எது எங்கே என்பதுதான் போய்விட்டது. கேள்வி தயாரிக்கிறவருக்கும் இது நன்றாகவே தெரியும். 1957-இல் அண்டர்வுட் என்ற உளவியலாளர் பழைய ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தபோது, ஆய்வகத்தில் ஏற்கெனவே எத்தனை பட்டியல்களை ஒருவர் மனப்பாடம் செய்திருந்தாரோ அதற்கேற்ப அடுத்த பட்டியல் அதிகம் மறந்தது என்று கண்டார். மறப்பதற்கு நாள் ஓடியது மட்டும் காரணம் இல்லை, ஒரே சாயலில் நாம் உள்ளே திணித்த மற்றதும் காரணம்.

இதற்கு வழி இரண்டு. ஒரே சாயலில் இருப்பவற்றை ஒரே நாளில் எடுக்காமல் இரண்டு மூன்று நாள் தள்ளி எடுப்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் தேடிக்கொள்வது இன்னொன்று. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி மூன்றும் மருந்துப் பெயர்கள், குழம்பத்தான் செய்யும். ஆனால் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று, பாட்டுக்கு மூன்று கருத்து, எழுதியவர் நல்லாதனார். சிறுபஞ்சமூலம் ஐந்து வேர், பாட்டுக்கு ஐந்து கருத்து, காரியாசான். ஏலாதி ஆறு, கணிமேதாவியார். எண்ணைப் பிடித்தால் நூல் வருகிறது, நூலோடு ஆசிரியர் வருகிறார். வெறும் பெயரை நூறு தடவை முணுமுணுப்பதைவிட இது பரவாயில்லை.

இங்கே எபிங்ஹாஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "படித்ததில் 70 சதவீதம் ஒரே நாளில் மறந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்துக்கு மூலம் அவர்தான். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-இல் வெளியிட்டார். அவர் அளந்தது எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்பதை அல்ல. மறுபடி படிக்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ 44 சதவீதம் மிச்சம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. கவனியுங்கள், முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஆனால் ஒரு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் நடுவில் போவது கொஞ்சம்தான். அதுவும் அர்த்தமே இல்லாத அசைகளுக்கு. அதே மனிதர் பைரனின் கவிதை வரிகளைப் படித்துப் பார்த்தபோது பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமாக இருந்தது. பொருளும் ஓசையும் இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது, நமக்கு வெண்பா நிற்பதும் அரசமைப்புச் சட்டப் பிரிவு எண்கள் நிற்காததும் இதனால்தான்.

எபிங்ஹாஸ் சொன்னதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று, அது படமாகச் சுற்றுவதில்லை. ஒரு அசை வரிசையை ஒரே நாளில் 68 தடவை திருப்பிச் சொன்னதால் கிடைத்த பலன், மூன்று நாளில் பிரித்து 38 தடவை சொன்னதிலேயே கிடைத்துவிட்டது. கிட்டத்தட்ட பாதி உழைப்பு. 140 வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தது, இன்னமும் தேர்வுக்கு முந்தின ராத்திரிதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரிவிஷன்.

சரி, இடைவெளி விட்டுத் திருப்பினால் நிற்கும் என்றால் தினமும் நூறு விஷயம் எடுத்துக்கொண்டு போகலாமே? இங்கேதான் கணக்குப் போட வேண்டும், நாள் வரம்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

புதிதாக எடுக்கிற ஒவ்வொரு விஷயமும் தண்டலுக்கு வாங்குகிற பணம் மாதிரி. வாங்குகிற அன்றைக்குக் கை நிறைய இருக்கும், மறுநாளிலிருந்து கட்ட வேண்டும். ஒரு விஷயத்தை எடுத்த நாளிலிருந்து 1, 3, 7, 16, 35, 75 ஆகிய நாட்களில் திரும்பப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறு தவணை. தினமும் 20 புதுசு எடுத்தால், முதல் வாரம் ஒன்றும் தெரியாது, ஜாலியாக இருக்கும். இரண்டரை மாதம் தாண்டியதும், ஏதாவது ஒரு நாளை எடுத்துப் பாருங்கள்: நேற்று எடுத்த 20, மூன்று நாள் முன் எடுத்த 20, ஏழு நாள் முன் எடுத்தது, பதினாறு, முப்பத்தைந்து, எழுபத்தைந்து நாள் முன் எடுத்தவை, ஆக 120 விஷயம் அன்றைக்கு வரிசையில் நிற்கும். ஒன்றுக்கு 20 நொடி என்றால் 40 நிமிடம். தினமும் 50 எடுத்திருந்தால் 300 நிற்கும், ஒரு மணி 40 நிமிடம். 100 எடுத்தால் 600, மூன்று மணி 20 நிமிடம், அதுவும் ஒன்றுகூட மறக்கவில்லை என்ற கனவுக் கணக்கில். மறந்தது முதல் தவணையிலிருந்து மறுபடி தொடங்கும், அதனால் உண்மையில் வருவது இதைவிட அதிகம்.

பதினாலு மணி நேரக்காரர்கள் மூன்றாவது மாதத்தில் ஏன் சரிகிறார்கள் என்பது இப்போது புரியும். அவர்கள் சோம்பேறி ஆகவில்லை. பழையதைக் கட்டாமல் புதுசு வாங்கிக்கொண்டே போனார்கள், ஒரு நாள் பழைய பாக்கி மொத்தமும் வாசலில் வந்து நின்றது, அதைப் பார்த்துப் பயந்து நோட்டையே மூடிவிட்டார்கள்.

ஆகவே உங்கள் எண்ணைப் பின்னாலிருந்து கண்டுபிடியுங்கள். திருப்பிப் பார்க்க மட்டும் தினமும், காய்ச்சல் தலைவலி கல்யாணம் காதுகுத்து எல்லாம் போக, உறுதியாக எத்தனை நிமிடம் தர முடியும்? 40 நிமிடம் என்றால் 20 புதுசு கூட அதிகம், மறந்து திரும்பி வருவதற்கும் இடம் விட்டுப் பதினைந்தோடு நிறுத்துங்கள். தினமும் பதினைந்து என்பது கேவலமாகத் தோன்றும். மாதம் 450, பத்து மாதத்தில் 4,500. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தாளில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, அதில் 100 தமிழிலிருந்து. உறுதியாகத் தெரிந்த நாலாயிரத்துச் சொச்சம், அரைகுறையாக எங்கேயோ பார்த்த இருபதாயிரத்தை அடிக்கும்.

இந்த இடைவெளிக் கணக்கை நோட்டிலேயே போடலாம். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் இதற்கு அட்டைப் பெட்டி முறை சொன்னார், அட்டையில் முன்னால் கேள்வி, பின்னால் பதில், சரியாகச் சொன்னால் பெட்டியின் அடுத்த அறைக்கு, தப்பினால் முதல் அறைக்கு, அறை தள்ளத் தள்ளத் திரும்பப் பார்க்கிற நாளும் தள்ளிப் போகும். கைபேசியில் ஆன்கி என்ற செயலி இதையே தானாகச் செய்கிறது, அதிலும் தொடக்கத்தில் நாளுக்கு 20 புதுசு என்றுதான் வைத்திருப்பார்கள். இடைவெளி எவ்வளவு என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். 2008-இல் செபேடாவும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்ததில், தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளி, ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வாரம் போல இடைவெளி நன்றாக வேலை செய்தது. தேர்வு எவ்வளவு தள்ளியோ அவ்வளவுக்கு இடைவெளியும் தள்ளலாம், அவ்வளவுதான்.

'திரும்பப் பார்ப்பது' என்று நான் சொல்லிக்கொண்டே வந்ததில் ஒரு ஆபத்து இருக்கிறது. பார்ப்பது என்றால் ஹைலைட்டர் அடித்த பக்கத்தை மறுபடி வாசிப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். அது வேலைக்காகாது. 2006-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து, ஒரு கூட்டத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், இன்னொரு கூட்டத்தைத் தாளை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி வாசித்தவர்கள்தான் மேல், 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடம்தான். வாசித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்த நிறைவோடு எழுந்து போய்விடுகிறோம். கோச்சிங் சென்டர்களில் கொடுக்கிற மெட்டீரியல் மூட்டையைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, ஆனால் டெஸ்ட் பேட்ச் என்ற ஒன்று நடத்துகிறார்களே, வாராவாரம் தேர்வு, அதற்குக் கொடுக்கிற காசு தகும்.

நம்மூரில் இதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. மதுரையை மையமாக வைத்து நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஒத்திகையே கிடையாது, திருவிழா மேடையில்தான் சந்திக்கிறார்கள். ராத்திரி தொடங்கினால் விடியும்வரை வள்ளி திருமணம் ஓடும், பாட்டும் வசனமும் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கமும் கையில் தாள் இல்லாமல் வர வேண்டும். எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் இழுப்பார் என்று தெரியாது. சீசன் முழுக்க ஊர் ஊராக, மேடை மேடையாக உள்ளிருந்து வெளியே எடுத்துக்கொண்டே இருப்பதால்தான் அது போகாமல் நிற்கிறது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒன்று உண்டு: சாயங்காலம் வீட்டுக்குப் போகிறபோது ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார் வாத்தியார், மறுநாள் காலையில் வந்ததும் அதைச் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு நாள் இடைவெளி, தாளில்லாமல் சொல்லுதல், மூன்றும் அதற்குள் இருக்கிறது.

வரிசையாக ஞாபகம் வைக்க வேண்டியதற்கு, உதாரணத்துக்கு ஐந்தாண்டுத் திட்டங்கள், ஆளுநர்கள், போர்கள், இடத்தில் வைத்துப் பார்க்கிற பழைய கிரேக்க வித்தை இன்னும் செல்லும். 2017-இல் டிரெஸ்லர் குழு சாதாரண ஆட்களுக்குத் தினமும் அரைமணி நேரமாக 40 நாள் இதில் பயிற்சி கொடுத்தபோது, 72 சொற்களில் 26 போலச் சொன்னவர்கள் 62 சொன்னார்கள். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி, ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. ஐந்து சுற்று, நாலு பக்கம், இருபது இடம், வரிசை மாறவே மாறாது. மனசுக்குள் நடந்துகொண்டே ஒவ்வொரு வீதியிலும் ஒன்றை உட்கார வையுங்கள், கோமாளித்தனமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இது பட்டியலுக்குத்தான். வட்டி விகிதம் ஏறினால் பணவீக்கம் ஏன் குறைகிறது என்பதை மேல மாசி வீதியில் வைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை, அதைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மணிக்கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. 1993-இல் எரிக்ஸன் குழு பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்களைப் பார்த்தபோது, தனியாக முழுக் கவனத்தோடு செய்கிற பயிற்சி நாளுக்கு நான்கு மணி நேரம் போலத்தான் இருந்தது, அதுவும் துண்டு துண்டாக, நடுவில் மதியத் தூக்கத்தோடு. 1978-இல் பேட்லி, லாங்மன் இருவரும் பிரிட்டிஷ் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்ததை ஆராய்ந்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் படித்தவர்கள், தினமும் நான்கு மணி நேரம் படித்தவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டார்கள், நாட்கள் மட்டும் அதிகம் பிடித்தன. வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்று அதிகம் சலித்துக்கொண்டதும் அந்த ஒரு மணி நேரக் கூட்டம்தான். மெதுவாகப் போகிறோம் என்ற எரிச்சல் அவர்களுக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரி இரண்டு மணி நேரம் படிக்கிறவர் இதை இரண்டு தடவை வாசிக்கலாம்.

ஏற்கெனவே பாக்கி குவிந்து கிடக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, புதுசை மொத்தமாக நிறுத்துவது. ஒரு வாரமோ பத்து நாளோ பழையதை மட்டும் எடுங்கள், மூன்று தடவைக்கு மேல் தப்பியதைத் தனியே வைத்து, அது தேர்வுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். பாதிக்கு வேண்டாம் என்றுதான் வரும். தேர்வு நெருங்கும்போதும் இதே கதைதான். மூன்று வாரத்துக்கு முன்னாலேயே புதுசை நிறுத்திவிட்டால், கடைசியாக எடுத்ததற்குக்கூட 1, 3, 7, 16 என்று நான்கு தவணை கிடைத்துவிடும். நாளுக்கு 20 எடுத்துக்கொண்டிருந்தவருக்கு வரிசையில் நிற்கிற 120, ஒரு வாரம் தாண்டியதும் 60 ஆகும், இரண்டரை வாரத்தில் 40 ஆகும். அப்படி மிஞ்சுகிற நேரத்தில் பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் 200 கேள்விக்கும் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகலாம்.